முதுகில் ஒரு போன் நம்பர்

நகராட்சிக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வராத கவுன்சிலர் பதவியை இழப்பார். இது புதிய விதி அல்ல. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்தது. ஓட்டு வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கமே தலைகாட்டாதவர்களுக்காக எழுதிய பிரிவு. வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, 'வரவில்லை' என்று எழுதிக்கொள்ளவும் அதே பிரிவு பயன்படும் என்பதை ஒரு தண்ணீர் கேன் வியாபாரியின் வழக்கில்தான் பார்த்தேன்.

2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தென்மாவட்ட நகராட்சி ஒன்றில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர் அவர். வயது முப்பதை ஒட்டி இருக்கும். டாடா ஏஸ் வண்டியில் இருபது லிட்டர் கேன் ஏற்றி வீடு வீடாகப் போடுவது தொழில். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் இறங்கி நேராக என் வக்கீல் ஆபீசுக்கு வந்தபோது வழக்குக்குக் காரணமான அதே டி-ஷர்ட்டைத்தான் போட்டிருந்தார். வெளிர்நீலம், காலர் வைத்தது. நெஞ்சில் சின்னதாக ஒரு நீர்த்துளிப் படம், கம்பெனி பெயர். திரும்பி நின்றால் முதுகு முழுக்கப் பத்து இலக்க மொபைல் எண். அதற்குக் கீழே 'ஒரு போன் போதும்'. என் குமாஸ்தா அந்த நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். தன் வார்டில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது என்று அவர் மன்றத்தில் பேசியிருக்கிறார். "தண்ணி விக்கிறவனே தண்ணி கேக்குறான்யா" என்று சேர்மன் சொல்ல, மன்றமே சிரித்திருக்கிறது. இவரும் விடவில்லை, அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டிருக்கிறார். அதற்கடுத்த மாதம் அஜெண்டாவின் கடைசியில் ஒரு தீர்மானம் வந்தது. மன்றத்தின் மாண்பைக் காக்கும் பொருட்டு ஆண் உறுப்பினர்கள் வெள்ளைச் சட்டையும் வேட்டி அல்லது பேண்ட்டும், பெண் உறுப்பினர்கள் சேலை அல்லது சுடிதாரும் அணிந்து வர வேண்டும். விளம்பர வாசகம் உள்ள உடை அறவே கூடாது. இதுவரை சரி, ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு தீர்மானம் என்று விட்டுவிடலாம். விஷம் கடைசி வரியில் இருந்தது: மீறுவோர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட அனுமதிக்கப்படமாட்டார்.

தீர்மானத்துக்குப் பிறகு வந்த இரண்டு கூட்டங்களிலும் அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது கூட்டமும் அப்படியே போனால் கமிஷனரிடமிருந்து பதவி போனதாக நோட்டீஸ் வரும். அந்த நிலையில்தான் வந்திருந்தார்.

இந்த மாதிரிக் கட்சிக்காரரிடம் நான் முதலில் கேட்பது வழக்கைப் பற்றி அல்ல. "தம்பி, நகராட்சி ஆபீசுக்குக் கேன் போடுறீங்களா?"

"முன்னாடி போட்டேன் சார். நாமினேஷனுக்கு முன்னாலேயே நிறுத்திட்டேன். பில்லு பாக்கியும் செட்டில் ஆயிருச்சு."

நிம்மதியாக இருந்தது. நகராட்சியோடு நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவர் கவுன்சிலராக இருக்க முடியாது. அது மட்டும் இருந்திருந்தால் எதிர்த்தரப்பு டி-ஷர்ட்டைத் தொட்டே இருக்காது; அந்த ஒரு பில்லை நீட்டி முடித்திருக்கும். மக்கள் பிரதிநிதியின் உடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அவர் பையிலிருந்து எந்த பில் எங்கே போகிறது என்பதைப் பற்றி இதில் பாதி பேசினால் நல்லது என்பது என் நெடுநாள் அபிப்பிராயம்.

இரண்டாவதாகக் கேட்டேன். "ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார். வீட்ல நாலு இருக்கு. விடியக்காலை லோடு முடிச்சிட்டு மாத்திட்டுப் போக அஞ்சு நிமிஷம் ஆகாது. ஆனா அன்னைக்கி எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அதுக்கப்புறம் மாத்த மனசு வரல."

உண்மையைச் சொல்வதானால் அந்த டி-ஷர்ட் எனக்கும் பிடிக்கவில்லை. சொந்த வியாபாரத்தின் போன் நம்பரை முதுகில் சுமந்துகொண்டு மன்றத்துக்குள் போவது அழகில்லை என்று அவரிடமே சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அழகில்லாத ஒன்று செய்தார் என்பதற்காக ஒருவரின் நாற்காலியைப் பறிக்க முடியுமா என்பதுதானே வழக்கு.

அவர் ஒரு காரியம் கெட்டிக்காரத்தனமாகச் செய்திருந்தார். இரண்டு முறையும் வாசலில் நிறுத்தப்பட்ட கையோடு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, 'கூட்டத்துக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை' என்று வெள்ளைத்தாளில் எழுதித் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்தார். பி.எல். படித்த கட்சிக்காரர்கள்கூட இதைச் செய்வதில்லை. அந்த இரண்டு முத்திரைகள்தான் எங்கள் வழக்கின் முதுகெலும்பு.

ஜூனியர் தயாரித்த அஃபிடவிட்டில் முதல் பத்தியிலேயே காந்தி வந்திருந்தார். மதுரையில் உடை சம்பந்தமாக எது பேசினாலும், 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் அரையாடையோடு இறங்கி வந்ததைச் சொல்லாமல் யாராலும் இருக்க முடியாது. அடித்துவிட்டேன். காந்தி கேன் விற்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதை அடுத்த நிமிடமே சொல்லியிருப்பார்.

அடுத்ததாக அடித்தது 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தை. அந்த வருடம் ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையும் மூத்த வக்கீல்களையும் உள்ளே விட மறுத்தார்கள். சட்டமன்றம் வரை கொந்தளித்து, அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது: பொது இடங்களில் வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது வேட்டிக்கும் பாரம்பரிய உடைக்கும் மட்டும் காவல். என் கட்சிக்காரர் வேட்டியில் போய் மறிக்கப்பட்டிருந்தால் மாநிலமே பொங்கியிருக்கும். டி-ஷர்ட்டுக்காகப் பொங்க ஆள் கிடையாது.

ஆகவே மனு மெலிந்தது. மிஞ்சியவை இரண்டு வாதங்கள். ஒன்று, ஒரு கவுன்சிலர் எதனால் பதவி இழப்பார் என்பதைச் சட்டமன்றம் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சட்டை இல்லை. அதைத் தீர்மானம் போட்டுச் சேர்க்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. இரண்டு, உடுத்துவதும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் வெளிப்பாட்டு உரிமையின் பகுதி என்று 2014-ல் திருநர் உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாவதை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டேன். போன் நம்பரை வைத்துக்கொண்டு கருத்துச் சுதந்திரம் பேசினால் நீதிபதி நம் முகத்தைப் பார்க்கமாட்டார்.

வழக்கு மதுரைக் கிளையில் அட்மிஷனுக்கு வந்த அன்று நகராட்சியின் ஸ்டாண்டிங் கவுன்சில் நோட்டீஸ் பெற்றுக்கொண்டு உடனேயே வாதத்துக்குத் தயாரானார். எனக்கு மூத்தவர், நெருக்கமானவர், நிதானமாகப் பேசிக் கழுத்தை அறுப்பவர்.

முதலில் 2019-ஆம் ஆண்டு அரசாணையை எடுத்தார். தலைமைச் செயலக ஊழியர்கள் கண்ணியமான உடையில் வரவேண்டும் என்று போட்டது: பெண்களுக்குச் சேலை, சுடிதார், ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. "ஊழியருக்கே இந்த ஒழுங்கு என்றால், அவருக்கு மேலே உட்காருகிற மக்கள் பிரதிநிதிக்கு வேண்டாமா, மை லார்ட்?" கேட்பதற்கு எடுப்பான வாதம். என் பதில் சுருக்கமானது. ஊழியருக்குச் சம்பளம் தருவதும் பணிவிதி எழுதுவதும் அரசு. கவுன்சிலரைப் பணியில் அமர்த்தியது வார்டு. 1984-ல் அந்துலே வழக்கிலேயே எம்.எல்.ஏ. என்பவர் தண்டனைச் சட்டத்தின்படி பொது ஊழியர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பிறகு 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் பொது ஊழியர் என்ற வரையறை விரிந்தது. மக்கள் பிரதிநிதிகளும் அதற்குள் வந்தார்கள். லஞ்சம் வாங்கினால் பொது ஊழியர்தான். சட்டைக்கு அந்த வலை விரிக்கப்படவில்லை.

அடுத்து குஜராத்துக்குப் போனார். 2021 மார்ச்சில் அங்கே விமல் சூடாசமா என்ற காங்கிரஸ் எம்.எல்.ஏ. டி-ஷர்ட்டோடு வந்ததால் சபாநாயகர் அவரை அவையிலிருந்து வெளியேற்றினார். டி-ஷர்ட் போட்டுத்தான் பிரசாரம் செய்தேன், ஜெயித்தேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. "சட்டமன்றத்துக்கு உண்டு என்றால் நகர்மன்றத்துக்கும் உண்டு" என்றார் நண்பர். இங்கேதான் எனக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது. சட்டமன்றத்துக்கு அரசியல் சாசனத்தின் 208-வது பிரிவு, தன் நடைமுறை விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. நடைமுறைக் குறையைச் சொல்லி நீதிமன்றம் அவைக்குள் தலையிடுவதை 212-வது பிரிவு தடுக்கிறது. நகராட்சிக்கு இந்த இரண்டு கவசமும் கிடையாது. அது ஒரு சட்டத்தால் பிறந்தது, அந்தச் சட்டம் கொடுத்ததைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. சேர்மன் சபாநாயகர் அல்ல.

நீதிபதி அதுவரை எங்கள் ஆவணத் தொகுப்பான டைப்டு செட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கலர் புகைப்படமாகச் சேர்த்திருந்தேன். மறைத்தால் எதிர்த்தரப்பு காட்டும், நாமே காட்டிவிடுவது மேல். பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கவுன்சில், உங்கள் வாதப்படி பார்த்தால் நாளைக்கு இவர் வெறும் டிராயரோடு வந்தாலும் தடுக்கக்கூடாது?"

இந்தக் கேள்வி வரும் என்று எந்த வக்கீலுக்கும் தெரியும். அவையில் ஒழுங்கு காக்கும் பொறுப்பு தலைமை வகிப்பவருக்கு இருக்கிறது. அருவருக்கத்தக்க கோலத்தில் ஒருவர் வந்தால் அன்றைக்கு, அந்த ஆளிடம், அந்தச் செயலுக்காக நடவடிக்கை எடுக்கலாம். அதற்காக ஊரிலுள்ள எல்லோருக்கும் அலமாரி ஒதுக்கத் தேவையில்லை என்றேன். நீதிபதி திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

"நீங்கள் கோட்டும் பேண்டும் கவுனும் போட்டுக்கொண்டு நின்று இதைச் சொல்கிறீர்கள்."

ஹாலில் சிரிப்பு. அது மின்விசிறிக்கு அடியிலும் கவுனுக்குள் வியர்க்கும் காலம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி. என் உடைக்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 49-வது பிரிவில் இடம் இருக்கிறது, பார் கவுன்சில் விதி இருக்கிறது. இவர் சட்டையைப் பற்றி நகராட்சிச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அதைவிட முக்கியம், நான் கவுன் இல்லாமல் வந்தால் என்ன நடக்கும்? கோர்ட் என்னைக் கேட்காது. வழக்கு மதியத்துக்கோ மறுநாளுக்கோ தள்ளிப்போகும். என் தவறுக்காகக் கட்சிக்காரர் தன் வழக்கை இழக்கமாட்டார். இங்கே கவுன்சிலரின் சட்டைக்கான தண்டனை அவருக்கு விழவில்லை. இரண்டு கூட்டமாக மன்றத்தில் ஆளில்லாமல் கிடக்கும் வார்டுக்கு விழுகிறது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அவர்கள் சார்பில் கேட்க அங்கே யாரும் இல்லை.

நீதிபதி பேனாவை எடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு அவரை அனுமதிக்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், முத்திரையோடு மனுக் கொடுத்த இரண்டு நாள்களையும் வராத நாள்களாகக் கணக்கிடக் கூடாது என்று இடைக்கால உத்தரவு. நாற்காலி தப்பியது. தீர்மானம் செல்லுமா என்பதற்கு நகராட்சி பதில் மனு, அதாவது கவுன்ட்டர், போட அவகாசம்.

கவுன்ட்டர் வந்தது. உடை பற்றிய பெரிய தத்துவங்களையெல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, 'விளம்பர வாசகம்' என்ற ஒரே சொல்லில் தொங்கியிருந்தார்கள். மன்றம் வியாபார விளம்பரப் பலகை அல்ல. வெள்ளைச் சட்டைக் கட்டாயத்தைக் கைவிடத் தயார், எழுத்தும் விளம்பரமும் உள்ள உடைக்கு மட்டும் தடை நீடிக்கட்டும் என்பது அதன் சாரம். நியாயமான கோரிக்கை என்றுதான் எனக்கும் பட்டது. நீதிபதியும் என்னைப் பார்த்தார்: "இதில் உங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

ஆட்சேபம் இல்லை, ஒரு திருத்தம் மட்டும் என்றேன். எங்கள் டைப்டு செட்டில் இன்னொரு புகைப்படம் இருந்தது. தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தைப் பற்றி நகராட்சியே வெளியிட்ட படம். சேர்மன் நடுவில் நிற்கிறார். வெள்ளை வேட்டி, அதில் நான்கு விரல் அகலத்துக்குக் கட்சிக் கொடியின் நிறத்தில் கரை. துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைச் சட்டையின் பையில் தலைவர் படம் துணி வழியாகப் பளிச்சென்று தெரிகிறது. அவருக்கு இரண்டு பக்கமும் நிற்கும் உறுப்பினர்களும் அப்படியே. தமிழ்நாட்டில் அரசியல்வாதியின் முழு மரியாதைக்கான உடை இதுதான். கல்யாணம், கருமாதி, கலெக்டர் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் இதுவே. பார்த்தவுடன் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம். கேன்காரர் முதுகில் போட்டிருப்பது விளம்பரம் என்றால் இதற்கு என்ன பெயர்? "எழுத்து, சின்னம், கட்சிக் கரை, தலைவர் படம் எல்லாவற்றையும் தடையில் சேர்த்துக்கொள்ளட்டும், மை லார்ட். என் கட்சிக்காரர் நாளையிலிருந்தே வெறும் நீலச் சட்டையில் வருவார்."

நண்பர் எழுந்து, கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்வதாக அனுமதி வாங்கிக்கொண்டு போனோடு வராந்தாவுக்குப் போனார். வேறு இரண்டு வழக்குகள் அழைக்கப்பட்டு முடிந்தன. திரும்பி வந்தபோது முகத்தில் சின்னச் சிரிப்பு. "மை லார்ட், அந்தத் தீர்மானம் உறுப்பினர்களுக்கு ஒரு அறிவுரை மட்டுமே. கட்டாயம் இல்லை. அப்படியே பதிவு செய்துகொள்ளலாம்."

பதிவு செய்து மனுவை முடித்து வைத்தார்கள். ஒன்றரைப் பக்க உத்தரவு. மக்கள் பிரதிநிதிக்கு உடைக் கட்டுப்பாடு விதிக்கலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஒரு தீர்ப்பு வாங்கிவிடலாம் என்று ஆசைப்பட்ட ஜூனியருக்கு ஏமாற்றம். நாற்காலி கிடைத்த கட்சிக்காரருக்குச் சந்தோஷம். பெரும்பாலான ரிட் மனுக்கள் இப்படித்தான் முடிகின்றன.

2024-ல் அவரே போன் செய்தார். துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் உதயசூரியன் சின்னம் போட்ட டி-ஷர்ட்டோடு அரசு நிகழ்ச்சிகளுக்கு வருவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டிருந்த நேரம். 2019 அரசாணை அரசியல் சாசனப் பதவியில் இருப்பவருக்குப் பொருந்துமா என்று நீதிபதிகள் அரசிடம் கேட்டிருந்தார்கள். "நம்ம கேஸை அங்க காட்டலாமா சார்?" காட்ட முடியாது தம்பி என்றேன். சம்மதத்தில் முடிந்த உத்தரவு முன்னுதாரணம் ஆகாது. அதோடு அது வேறு வழக்கு.

வேறு என்று நான் சொன்னது எதனால் என்றால், அங்கே டி-ஷர்ட் கண்ணியமான உடையா இல்லையா என்பதில் நேரத்தைச் செலவழித்தார்கள். என்னைக் கேட்டால் அது வீண். காமராஜர் முழங்கை தாண்டிய தொளதொளச் சட்டையில் ஆட்சி நடத்தினார். அந்தச் சட்டையைக் கோட்டு சூட்டு கூட்டத்தில் யாராவது குறை சொல்லியிருந்தால் நாம் சண்டைக்குப் போயிருப்போம். துணியும் தையலும் போடுகிறவர் விருப்பம், பிடிக்காவிட்டால் ஓட்டுப் போடுகிறவர் பார்த்துக்கொள்வார். ஆனால் நெஞ்சில் இருக்கும் சின்னம் அப்படி அல்ல. அரசு மேடை வரிப்பணத்தில் போட்டது. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவரும் அதன் முன்னால் மனுவோடு நிற்கிறார். அமைச்சர்களுக்கென்று இருக்கும் நடத்தை விதிகள் சொத்துக் கணக்கு, தொழில் தொடர்பு, பரிசுப்பொருள் என்று நிறையப் பேசுகின்றன. இதற்கும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அவைக்குள் எதிர்ப்பைக் காட்டப் போடும் உடை மூன்றாவது ரகம். கள்ளக்குறிச்சிச் சாராயச் சாவுகளுக்காக 2024 ஜூனில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் சட்டமன்றத்துக்குக் கறுப்புச் சட்டையில் போனார்கள். 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறையை எதிர்த்து தி.மு.க. எம்.பி.க்கள் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு மக்களவைக்குப் போனபோது, சபாநாயகர் உறுப்பினர் நடத்தை பற்றிய 349-வது விதியைச் சொல்லி அவையை ஒத்திவைத்தார். எந்தக் கட்சி ஆளுங்கட்சியோ அதற்கு மாண்பு நினைவுக்கு வரும், மற்றதற்கு உரிமை நினைவுக்கு வரும். எங்கள் சேர்மன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. உடை விதியை எழுதும் பேனா எப்போதும் பெரும்பான்மையின் கையில் இருக்கிறது. அதனால்தான் எந்த விதி எழுதினாலும், அதன் தண்டனை கையெழுத்துப் போடும் உரிமையையும் ஓட்டுப் போடும் உரிமையையும் தொடக் கூடாது என்கிறேன். கண்டிக்கலாம், குறிப்பேட்டில் பதியலாம். வாசலை மறிக்கக் கூடாது.

இதையெல்லாம் பார் அசோசியேஷன் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்டாண்டிங் கவுன்சில் நண்பரும் இருந்தார். வடையைப் பிய்த்தபடி கேட்டார்: "சரிப்பா, சின்னம் கூடாது. அப்ப கரை வேட்டி?"

"அரசு மேடையில அதுவும் கூடாதுண்ணே."

"அப்ப மேடையில ஒரு ஆளு மிஞ்சமாட்டான்."

"மிஞ்சுவாங்கண்ணே. கட்சிக் கரை இல்லாத வேட்டி கோ-ஆப்டெக்ஸ்ல கிடைக்குது. தீபாவளிக்கு முப்பது பர்சன்ட் தள்ளுபடியும் உண்டு."